அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட கதை: எந்த நூலிலிருந்து தொடங்குவது?

பொருநைவாசி:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர் எப்படி மூண்டது என்று பேசும் பொறுப்பு அடுத்த மாதம் எனக்கு வந்திருக்கிறது. அதற்காக எரிக் லார்சன் எழுதி 2024-இல் வெளிவந்த 'தி டீமன் ஆஃப் அன்ரெஸ்ட்' நூலைப் படித்தேன். 1860 நவம்பரில் லிங்கன் தேர்தலில் வென்றது முதல், 1861 ஏப்ரலில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் நின்ற சம்டர் கோட்டை வீழ்ந்தது வரையிலான ஐந்து மாதங்களை அது நாள்கணக்கில், சில இடங்களில் மணிக்கணக்கில் சொல்லிச் செல்கிறது. நான்கே நாளில் முடித்துவிட்டேன். இடையில் மூடி வைக்க மனம் வரவில்லை.

அந்த முற்றுகையில் என் நினைவை விட்டு அகலாத காட்சி ஒன்று உண்டு. ஏப்ரல் 12 விடியற்காலை 4.30 மணிக்குக் குண்டுவீச்சு தொடங்கியபோது, கோட்டையைக் காத்த ஒன்றிய அரசுப் படையின் மேஜர் ராபர்ட் ஆண்டர்சனின் கீழ் ஏறத்தாழ 85 வீரர்கள் இருந்தனர். பீரங்கிக்கு வெடிமருந்து நிரப்பும் துணிப்பைகள் தீர்ந்துகொண்டே வர, சட்டை, போர்வை, படுக்கை விரிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கிழித்துப் பை தைக்க உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய கோட்டையில் இருந்த தையல் ஊசிகள் ஆறுதான். அந்த ஆறு ஊசிகள் தைத்துக் கொடுக்கும் வேகத்தில்தான் ஓர் அரசின் பீரங்கிகள் பதில் சொல்ல முடிந்தது. ஏறத்தாழ 34 மணி நேரம் குண்டுமழை பொழிந்தும் அதில் இருதரப்பிலும் ஒருவர்கூடச் சாகவில்லை. சரணடைந்த மறுநாள் தங்கள் கொடிக்கு மரியாதை செலுத்தி வெடித்த பீரங்கியில் ஏற்பட்ட விபத்தில் டேனியல் ஹஃப் என்ற வீரர் இறந்தார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஒரு போரின் தொடக்கம் அப்படி இருந்தது என்பதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நூலை முடித்தபோது ஆண்டர்சனின் சங்கடமும், அவரிடம் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பீரங்கிப் பாடம் படித்த போரிகார்டே தென்னவர் படைத்தலைவராக எதிரில் நின்று சுட நேர்ந்த விதியும் உள்ளத்தில் நிறைந்திருந்தன. ஆனால், "சரி, ஏன் போர் வந்தது?" என்று வட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், நான்கு வாக்கியம் தெளிவாகச் சொல்ல என்னால் முடியாது. இத்தகைய ஜனரஞ்சக வரலாற்று நூல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை எவை? என்னிடம் ஒரு மாதம்தான் இருக்கிறது. மூன்று நூல்களுக்கு மேல் தாங்காது.

*

ஏட்டுச்சுவடி:

பொருநைவாசி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மனக்குறை நியாயமானது. அதை லார்சனின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. துறைமுகத்தின் நடுவே ஒரு கோட்டை, சுற்றிலும் பீரங்கிகள், உள்ளே குறைந்துகொண்டே வரும் உணவு என்று ஒரு களம் கிடைத்துவிட்டால், எந்தக் கதைசொல்லியும் அதை விட்டு வெளியே வர விரும்ப மாட்டார். அந்தக் களத்துக்குள்ளேயே நின்றால், கோட்டையைக் காலி செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும். கோட்டைக்காகத்தான் சண்டை என்றாகிவிடும். கோட்டை சண்டையின் இடமே ஒழிய, காரணம் அன்று.

முதலில் ஒரு நூலையும் தொடாமல், தென் கரோலினா 1860 டிசம்பர் 24 அன்று வெளியிட்ட பிரிவினை விளக்க அறிக்கையைப் படியுங்கள். நான்கு நாள் முன்னர், டிசம்பர் 20 அன்று, 169 பேர் கூடிய மாநாட்டில் ஒரு வாக்குகூட எதிராக விழாமல் ஒன்றியத்திலிருந்து விலகியவர்கள், தாங்கள் ஏன் விலகினோம் என்று தங்கள் வாயாலேயே சொன்னது அது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தரும் சட்டத்தை வட மாநிலங்கள் நிறைவேற்றவில்லை என்று குற்றம் சாட்டி, அம்மாநிலங்களின் பெயரை வரிசையாக அடுக்குகிறார்கள். அடிமைகளை உடன் அழைத்துக்கொண்டு தன் எல்லை வழியாகக் கடந்து செல்லும் உரிமையைக்கூட நியூயார்க் மறுக்கிறது என்று முறையிடுகிறார்கள். பிற்காலத்தில் 'மாநில உரிமைக்காகப் போரிட்டோம்' என்று சொன்னவர்களின் முதல் ஆவணத்தில், வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே புகாராக எழுதப்பட்டிருக்கிறது. மிசிசிப்பியின் அறிக்கையோ சுற்றி வளைக்காமல், தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

அடுத்ததாக, சார்ல்ஸ் டியூ எழுதி 2001-இல் வெளிவந்த 'அபோசல்ஸ் ஆஃப் டிஸ்யூனியன்'. நூற்றுச் சொச்சம் பக்கங்கள்தான். இரண்டு மாலையில் முடிந்துவிடும். முதலில் பிரிந்த தென் மாநிலங்கள், மற்ற அடிமை மாநிலங்களையும் தங்கள் பக்கம் இழுப்பதற்காக 1860–61 குளிர்காலத்தில் ஆணையர்களை அனுப்பின. அவர்கள் போய்ச் சட்டமன்றங்களில் என்ன பேசினார்கள், ஆளுநர்களுக்கு என்ன எழுதினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு டியூ எழுதுகிறார். போருக்குக் காரணம் என்று சிலர் சொல்லும் சுங்க வரியைப் பற்றி அங்கே தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. அடிமைகள் விடுதலையானால் வெள்ளையருக்கு என்ன ஆகும் என்ற அச்சமூட்டலே பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. டியூ தெற்கில் பிறந்து, தெற்கின் பெருமிதக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். இந்த உரைகளைப் படித்தபோது தமக்கு நேர்ந்த அதிர்ச்சியை முன்னுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்தச் சிறு நூலுக்கு அவ்வளவு கனம்.

பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸையும் உங்கள் உரையில் விட்டுவிடாதீர்கள். 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் பேசும்போது, வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்லர், அடிமைமுறையே அவர்களுக்கு இயல்பான நிலை என்ற 'உண்மை'தான் தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று கூட்டத்தின் நடுவே அறிவித்தார். போரில் தோற்ற பிறகு, 1868–70-இல் இரண்டு பெருந்தொகுதிகள் எழுதி, நடந்ததெல்லாம் அரசியலமைப்பைப் பற்றிய கருத்து வேறுபாடு என்று நிறுவ முயன்றதும் அதே ஸ்டீஃபன்ஸ்தான். பின்னால் எழுதப்பட்ட ஜனரஞ்சக நூல்களில் பல அவருடைய இரண்டாவது குரலைத்தான் எதிரொலித்தன. எந்த நூலைக் கையில் எடுத்தாலும், 1861-இன் ஸ்டீஃபன்ஸ் பேசுகிறாரா, 1868-இன் ஸ்டீஃபன்ஸ் பேசுகிறாரா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

*

மாலைவாசகர்:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அடிமைமுறை இல்லாமல் இந்தப் போர் இல்லை. ஆனால் வேர் எது என்று தெரிந்துவிட்டால் மரம் எப்போது சாய்ந்தது என்பதும் தெரிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அடிமைமுறை பல தலைமுறைகளாக இருந்தது. 1820-இல் மிசூரியைப் பற்றி எழுந்த சச்சரவிலும், 1850-இலும் சமரசம் செய்து தப்பித்த நாடு, 1861-இல் ஏன் தப்பவில்லை? இந்தக் கேள்விக்குத்தான் நாள்கணக்கில் எழுதும் நூல்கள் தேவைப்படுகின்றன.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைகளின் எண்ணிக்கையில் அதுவே முதல் மாநிலம். அங்கே கூடிய மாநாடு, 1861 ஏப்ரல் 4 அன்று பிரிவினைத் தீர்மானத்தை 88-க்கு 45 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஏப்ரல் 12-இல் சம்டர் மீது குண்டு விழுந்தது. 15-இல் லிங்கன் 75,000 படைவீரர்களைத் தரும்படி மாநிலங்களைக் கேட்டார். 17-ஆம் தேதி அதே மாநாடு 88-க்கு 55 என்று பிரிந்து போக முடிவெடுத்தது. பதின்மூன்று நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் அடிமைமுறை மாறிவிடவில்லை. கோட்டை வெறும் இடம்தான் என்று சொல்லி நகர்ந்துவிட்டால், வர்ஜீனியாவும் அதன் பின்னே ஆர்கன்சாவும் டென்னசியும் வட கரோலினாவும் போனதற்கு விளக்கம் இல்லாமல் போய்விடும். அந்த நான்கு மாநிலங்கள் இல்லாத கூட்டமைப்பு நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாஷிங்டனிலும் எதுவும் முன்கூட்டியே முடிவாகியிருக்கவில்லை. மார்ச் 4-இல் பதவியேற்ற லிங்கன், அடிமைமுறை ஏற்கெனவே உள்ள மாநிலங்களில் அதைத் தொடப்போவதில்லை என்று பதவியேற்பு உரையிலேயே உறுதி சொன்னார். புதிய பகுதிகளுக்கு அது பரவக்கூடாது என்பதே அவர் விட்டுக்கொடுக்காத இடம். உணவு தீர்ந்து வருகிறது என்ற ஆண்டர்சனின் செய்தி, பதவியேற்ற மறுநாளே அவர் மேசைக்கு வந்தது. மார்ச் 15 அன்று அமைச்சர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர், உணவு அனுப்ப வேண்டாம் என்றனர். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரும்பான்மை மறுபக்கம் சாய்ந்தது. அதற்கிடையில், கோட்டை காலி செய்யப்படும் என்று வெளியுறவுச் செயலர் சீவர்டு தென்னவரிடம் இடையாள் வழியாக நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் லிங்கன், உணவு மட்டும் அனுப்புகிறேன், தடுக்காவிட்டால் ஆளும் ஆயுதமும் வராது என்று தென் கரோலினா ஆளுநருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கப்பலை அனுப்பினார். முதல் குண்டைச் சுடுவதா, கோட்டையை விடுவதா என்ற முடிவு அப்போது கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் கைக்குப் போனது. லிங்கன் எதிரியை வலையில் சிக்கவைத்தார் என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. பசித்தவனுக்குச் சோறு அனுப்புவதை வலை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சுட்டவர்களுக்குச் சுடாமல் இருக்கும் வழி திறந்தே இருந்தது.

நூல் என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஜேம்ஸ் மெக்பர்சன் 1988-இல் எழுதிய 'பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்'. புலிட்சர் பரிசு பெற்றது. பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம்; உங்கள் தலைப்புக்கு வேண்டியது அதன் முற்பகுதி மட்டும்தான். போர் வெடிப்பதற்கு முன்னரே நூலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த விகிதமே ஆசிரியரின் வாதத்தைச் சொல்லிவிடும். இன்னும் ஆழம் வேண்டுமானால் டேவிட் பாட்டரின் 'தி இம்பெண்டிங் க்ரைசிஸ்'. ஆசிரியர் இறந்த பிறகு, 1976-இல், நண்பர் டான் ஃபெஹ்ரன்பாக்கர் முடித்து வெளியிட்டது. அது பொறுமையை எதிர்பார்க்கும் நூல்; ஒரு மாதத்தில் வேண்டாம்.

தொடக்கம் எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். புரூஸ் காட்டனின் 'தி கமிங் ஃபியூரி' (1961) சார்ல்ஸ்டனிலேயே, ஆனால் ஓராண்டு முன்பு, 1860 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி மாநாடு உடைந்த இடத்தில் தொடங்குகிறது. அப்படித் தொடங்குவதால் போர் ஒரு கட்சியின் முறிவிலிருந்து வளர்வதைக் காண்கிறோம். ஷெல்பி ஃபூட்டின் மூன்று தொகுதி நூலோ, 1861 ஜனவரியில் ஜெஃபர்சன் டேவிஸ் செனட்டில் விடைபெறும் காட்சியோடு தொடங்குகிறது. நாவலாசிரியரின் கை என்பதால் அந்தக் காட்சி நெஞ்சைத் தொடும். ஆனால் முதல் பக்கத்திலேயே நாம் டேவிஸின் பக்கத்தில் நிற்க வைக்கப்படுகிறோம். அடிக்குறிப்பும் இல்லை. நடைக்காகப் படிக்கலாம், உங்கள் கேள்விக்கு விடைதேடி அங்கே போக வேண்டாம்.

*

கரிசல்காடு:

இருவரும் சொன்னவற்றைப் படித்தேன். ஒரு தரப்பார் இன்னும் இந்த உரையாடலுக்குள் வரவில்லை. 1860-இல் தென் கரோலினாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 லட்சம். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். அதாவது பிரிந்து போவதென்று ஒருமனதாக முடிவெடுத்த மாநிலத்தில், பாதிக்கும் மேற்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவே இல்லை. சம்டரைச் சுற்றி எழுந்த பீரங்கி மேடைகளுக்கு மண் சுமந்தவர்களில் அவர்களும் உண்டு. அந்த ஏப்ரல் இரவில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்காத நூல், எவ்வளவு சுவையாக இருந்தாலும் அரைக் கதைதான்.

தென் கரோலினாவின் எஜமானர் குடும்பத்தைச் சேர்ந்த மேரி செஸ்நட்டின் நாட்குறிப்பைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். லார்சனும் அதைப் பெரிதும் பயன்படுத்துகிறார். ஆண்டர்சனிடம் இறுதி எச்சரிக்கையைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் மேரியின் கணவர். குண்டுவீச்சு தொடங்கியதும் மேரி மாடிக்கு ஓடுகிறார். இருட்டில் முக்காலி என்று நினைத்துப் புகைபோக்கியின் மேல் உட்கார்ந்து, உடையில் தீப்பிடித்து, பக்கத்திலிருந்தவர்கள் அணைக்கிறார்கள். எல்லா நூலிலும் இந்தக் காட்சி வரும். ஆனால் மறுநாள் குறிப்பில் அவர் எழுதிய இன்னொன்றை நான் பெரிதாக நினைக்கிறேன். இரவும் பகலும் காதைச் செவிடாக்கும் பீரங்கிச் சத்தத்துக்கிடையே, வாசலில் உட்கார்ந்திருக்கும் லாரன்ஸ் என்ற அடிமைப் பணியாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையா, அல்லது நம்மைவிட அறிவாளிகளாக, வாய் திறக்காமல், தங்கள் காலத்துக்காகக் காத்திருக்கிறார்களா என்று மேரி கேட்டுக்கொள்கிறார். எஜமானியின் அச்சம் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடுகிறது.

காத்திருந்தார்கள் என்பதற்குச் சார்ல்ஸ்டனே சாட்சி. ஓராண்டு கழித்து, 1862 மே 13 விடியற்காலையில், 'பிளாண்டர்' என்ற கூட்டமைப்பு நீராவிக் கப்பலை ஓட்டிவந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு, அதே சம்டர் கோட்டையின் முன்னால் சரியான ஊதல் சைகையைக் கொடுத்துக் கடந்துபோய் ஒன்றியக் கடற்படையிடம் கப்பலையே ஒப்படைத்தார்.

ஆகவே என் பரிந்துரை ஆடம் குட்ஹார்ட்டின் '1861: தி சிவில் வார் அவேகனிங்' (2011). அதுவும் ஜனரஞ்சக நூல்தான்; காட்சி காட்சியாகத்தான் போகிறது. ஆனால் சம்டரோடு நின்றுவிடுவதில்லை. 1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லரி என்ற மூன்று அடிமைகள் சிறு படகில் ஏறி ஒன்றியத்தின் மன்ரோ கோட்டைக்குத் தப்பி வருகிறார்கள். உரிமையாளரின் சார்பில் ஓர் அதிகாரி வந்து, சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரும்படி கேட்கிறார். வழக்கறிஞராக இருந்து படைத்தலைவரான பெஞ்சமின் பட்லர், நீங்கள்தான் அமெரிக்காவை விட்டுப் பிரிந்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, அமெரிக்கச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று மறுத்து, எதிரியின் போர்ப்பொருளாகக் கருதி அவர்களை வைத்துக்கொள்கிறார். சில நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அடிமைமுறையைத் தொடமாட்டேன் என்று லிங்கன் சொல்லி மூன்று மாதம் ஆகவில்லை. அந்தச் சொல்லைக் காலாவதியாக்கும் வேலையை மூன்று பேர் ஒரு படகில் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு என்பதால் ஒரு வரி. 'பருத்தியே அரசன்' என்று தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்ட் 1858-இல் செனட்டில் முழங்கினார். பருத்தி இல்லாமல் இங்கிலாந்து வாழாது, ஆகவே எங்கள்மேல் எவனும் கைவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. போர் வந்து தென் துறைமுகங்கள் அடைபட்டதும், இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தன. லிவர்ப்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே நம் கரிசல் மண்ணின் பஞ்சு விலைபேசப்பட்டது. ஹாமண்டின் கணக்கு பொய்த்துப் போனதில் நம் காட்டுப் பருத்திக்கும் பங்கு உண்டு. போர் முடிந்ததும் விலை விழுந்தது வேறு கதை.

*

பொருநைவாசி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தென் கரோலினா அறிக்கையை நேற்றிரவே படித்துவிட்டேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நியூயார்க்கைப் பற்றிய அந்த வரியை இரண்டு முறை படித்தேன். டியூவின் நூலையும், மெக்பர்சனின் முற்பகுதியையும், குட்ஹார்ட்டையும் எடுத்துக்கொள்கிறேன். உரையைக் கோட்டைக்குள் தொடங்காமல், வாசலில் உட்கார்ந்திருக்கும் லாரன்ஸிடமிருந்து தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். மேரி செஸ்நட் அன்றன்றே எழுதியதைத்தான் நாம் படிக்கிறோமா?

*

கரிசல்காடு:

இல்லை, அம்மா. பரவலாகக் கிடைப்பது 1880-களில் அவரே விரித்துத் திருத்தி எழுதிய வடிவம். வான் உட்வர்டு பதிப்பித்து 1981-இல் வந்த பெருந்தொகுதியும் அதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. ஆனால் எது எப்போது எழுதப்பட்டது என்பதை விளக்கும் நல்ல முன்னுரை அதில் உண்டு. போர்க்காலத்தில் அவர் கைப்பட எழுதிய மூலக் குறிப்புகள் 1984-இல் தனி நூலாக வந்தன. லாரன்ஸைப் பற்றிய பகுதியை வட்டத்தில் வாசிக்கும்போது, தோல்விக்குப் பிறகு திருத்திய கை அது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.